கான்ஃபரன்ஸ்ல டாக் குடுக்கணும், ஆனா கிளையன்ட் ப்ராஜெக்ட் பத்தி வாயே தொறக்கக்கூடாதாம், என்ன பண்றது?

கோவை_பேக்எண்ட்

வணக்கம் மக்களே. கோயமுத்தூர்ல ஒரு சர்வீஸ் கம்பெனில பேக்எண்ட் டெவலப்பரா இருக்கேனுங்க, பைத்தான் மொழி, ஜாங்கோங்கற வெப் ஃப்ரேம்வொர்க், போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ், இதுங்கதான் சோறு போடுது. இது வரைக்கும் எந்த டெக் கான்ஃபரன்ஸுக்கும் நேர்ல போனதில்ல, யூடியூப்ல பைகான்னு பைத்தான்காரங்க நடத்தற கான்ஃபரன்ஸ் வீடியோ பாக்கறதோட சரி. இப்ப டீம்ல சீனியர் ஒருத்தர் "நீ டேட்டாபேஸ் டேபிள மாத்தற அந்த மைக்ரேஷன் வேலை பண்ணியே, அத வெச்சு ஒரு டாக் ப்ரபோசல் போடு"ன்னு ஏத்தி விட்டுட்டாரு, நானும் சரின்னு உக்காந்தேன், உக்காந்ததுல இருந்து தலை சுத்துது.

மேனேஜர்கிட்ட கேட்டா கிளையன்ட் பேரு, டேபிள் பேரு, ஸ்க்ரீன்ஷாட், டிராஃபிக் நம்பர் எதுவும் வெளிய போகக்கூடாது, வெளிய சொல்ல மாட்டோம்னு என்டிஏ ஒப்பந்தம் இருக்கு, லீகல் டீமுக்கு மெயில் போடுங்கறாரு. லீகல் டீம் பதில் போடறதுக்குள்ள சிஎஃப்பி, அதாவது ப்ரபோசல் வாங்கறது, க்ளோஸ் ஆகி கான்ஃபரன்ஸே முடிஞ்சிரும். அதெல்லாம் எடுத்துட்டா பேசறதுக்கு என்னங்க மிச்சம் இருக்கு? பேசாம "இன்ட்ரடக்‌ஷன் டு போஸ்ட்கிரெஸ் இன்டெக்சிங்"னு பொதுவா ஒண்ணு போட்டுரலாமான்னு தோணுது.

அப்புறம் இங்கிலீஷ். ஸ்டாண்டப்ல சமாளிச்சிருவேன், ஆனா ஒரு ஹால் நெறைய ஆளுங்க முன்னாடி 25 நிமிஷம்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். காசு இன்னொரு கவலை, ஆபீஸ்ல லீவ் மட்டும் தருவாங்களாம், டிக்கெட்டு தங்கற செலவு நம்ம பாடு. செலக்ட் ஆனா நடத்தறவங்க தருவாங்களா? வெளிநாட்டு கான்ஃபரன்ஸுக்கெல்லாம் நம்மாளுக எப்படித்தான் போறாங்க? போயிட்டு வந்தவங்க சொல்லுங்கண்ணா, அக்கா.

ராத்திரி_ரிவ்யூவர்

தம்பி, அந்த இன்ட்ரடக்‌ஷன் யோசனைய இப்பவே விட்ரு. நான் சில கான்ஃபரன்ஸுக்கு ப்ரபோசல் ரிவ்யூ பண்ணிருக்கேன், எல்லாம் வாலன்டியர் வேலைதான், ஆபீஸ் முடிஞ்சு சாப்டு புள்ளைங்கள தூங்க வெச்சிட்டு உக்காந்து வரிசையா படிப்போம். "இன்ட்ரடக்‌ஷன் டு டாக்கர்", "கெட்டிங் ஸ்டார்ட்டட் வித்" அது இதுன்னு வந்துகிட்டே இருக்கும். எழுதினவன் கெட்டிக்காரனாவே இருக்கலாம், ஆனா இந்த டாக்க இவன்தான் குடுக்கணும்ங்கறதுக்கு ப்ரபோசல்ல ஒரு காரணமும் இருக்காது. டாக்குமென்டேஷன் படிச்சா தெரியற விஷயத்துக்கு எதுக்கு ஒரு ஸ்லாட்டு?

உன் மைக்ரேஷன்ல என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லவே இல்ல. நானே ஊகிக்கறேன், பெரிய டேபிள்ல தேடறத வேகமாக்க இன்டெக்ஸ் போட்டீங்க, சைட்டு நின்னு போச்சு, சரியா? போஸ்ட்கிரெஸ்ல சாதாரண கிரியேட் இன்டெக்ஸ் ஓடும்போது அந்த டேபிள படிக்கலாம், ஆனா இன்சர்ட் அப்டேட் டெலீட் எல்லாம் அது முடியற வரைக்கும் காத்துக்கிடக்கணும். அதுக்குத்தான் கன்கரன்ட்லின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அது எழுதறத தடுக்காது, ஆனா டேபிள ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணும், முழுசா நடக்கணும் இல்லன்னா மொத்தமா ரத்தாகணும்ங்கற மாதிரி ஏற்கனவே ஓடிட்டிருக்கற ட்ரான்சாக்‌ஷன் முடியற வரைக்கும் உக்காந்திருக்கும், எவனாவது ஒரு ட்ரான்சாக்‌ஷன தொறந்து வெச்சுட்டு டீ குடிக்க போயிட்டா அம்புட்டுதான். அதோட அத ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள ஓட்ட முடியாது, ஜாங்கோவோ போஸ்ட்கிரெஸ்ல மைக்ரேஷன ட்ரான்சாக்‌ஷனுக்குள்ளதான் ஓட்டும், அதனால அந்த மைக்ரேஷன்ல அட்டாமிக்ங்கற செட்டிங்க ஃபால்ஸ்னு மாத்தணும், ஜாங்கோ 3.0ல இருந்து ஆட்இன்டெக்ஸ்கன்கரன்ட்லின்னு இதுக்குன்னே ஒரு ஆபரேஷன் வந்திருச்சு. பாதில ஃபெயில் ஆச்சுன்னா இன்வேலிட்னு ஒரு இன்டெக்ஸ் அப்படியே கிடக்கும், குவெரிக்கு உதவாது, ஆனா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் செலவு மட்டும் வைக்கும், நாமளா ட்ராப் பண்ணணும்.

இதுல கிளையன்ட் எங்கப்பா வந்தான்? வரிசையா நம்பர் உண்டாக்கற ஜெனரேட் சீரீஸ்ங்கற ஃபங்ஷன் வெச்சு உன் லேப்டாப்ல ஒரு கோடி வரிசை போட்டு ஒரு டம்மி ஆர்டர் டேபிள் பண்ணு, போஸ்ட்கிரெஸுக்கு கமாண்டு அடிக்கற பிஎஸ்க்யூஎல் விண்டோ ரெண்டு பக்கத்துல பக்கத்துல தொற, ஒண்ணுல இன்டெக்ஸ் போடு, இன்னொண்ணுல அப்டேட் போட்டு அது தொங்கறத காட்டு. உங்க கம்பெனி டேட்டா ஒரு வரி கூட இல்ல. மேனேஜருக்கு ஸ்லைட அனுப்பி "இதுல நம்ம ப்ராஜெக்ட் எதுவும் இல்ல"ன்னு எழுத்துல ஒரு ஓகே வாங்கி வெச்சுக்கோ, வாய்ச்சொல்ல நம்பாத. கம்பெனி பேர ஸ்லைட்ல போடலாமா வேணாமான்னும் அந்த மெயில்லயே கேட்டுரு.

மதுர_மணி

எல்லாரும் ஏத்தி விடுறீக, நான் கொஞ்சம் இறக்கி விடுறேன். பெரிய கான்ஃபரன்ஸ் பாதி சந்தை தான்யா. காலைல கீநோட்டு, நடுவுல காசு குடுத்த கம்பெனிக்காரன் அவன் ப்ராடக்ட விக்கிற டாக்கு, வெளிய பூத்து, க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா டி ஷர்ட்டு, ரெஸ்யூம் வாங்குறதுக்கு நாலு எச்ஆரு. டாக் எல்லாம் கொஞ்ச நாள்ல யூடியூப்ல வந்துரும், வீட்டுல ஒன்ரை ஸ்பீடுல பாத்துக்கலாம். அதுக்கு ரெண்டு நாள் லீவு, ட்ரெயினு, லாட்ஜ் வாடகை, எதுக்கு?

பேசிப் பழகணும்னா மாசாமாசம் நடக்குற மீட்டப்புக்கு போ. சென்னைல பைத்தான்காரங்க சென்னைபை இருக்கு, லினக்ஸ்காரங்க ஐஎல்யூஜிசி 1990கள்ல இருந்து இருக்கு, காஞ்சிலக்னு காஞ்சிபுரம் லினக்ஸ் குழுக்காரங்க ஞாயித்துக்கிழமை ஆன்லைன்லயே கூடுறாங்க, அங்க தமிழ்லயே பேசலாம், கோயமுத்தூர்ல இருந்தே கலந்துக்கலாம். ஒத்த பைசா செலவில்ல. அங்க உளறுனா முப்பது பேருக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணு. "உங்கள ஸ்பீக்கரா தேர்ந்தெடுத்திருக்கோம்"னு நீ விண்ணப்பமே போடாத எடத்துல இருந்து மெயில் வரும், கிராண்ட் பேரா ஒரு இன்டர்நேஷனல் சம்மிட்டு இருக்கும், கடைசில ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டச் சொல்லுவான். எங்க ஏரியா பையன் ஒருத்தன் கட்டிட்டு போயி பாத்தா ஓட்டல் ரூம்ல பேச வந்தவங்க மட்டும்தான் உக்காந்திருக்காக, கேக்க வந்தவுக ஒருத்தரும் இல்ல. அந்த மாதிரி மெயில் வந்தா டெலீட் பண்ணிட்டு போயிட்டே இரு.

அடையார்_அனலிஸ்ட்

மணி அண்ணா சொல்றதுல மீட்டப் விஷயம் நூத்துக்கு நூறு சரி, அந்த ஸ்பேம் மெயிலும் சரி. ஆனா "யூடியூப்ல பாத்துக்கலாம்"ங்கறத ஒத்துக்க மாட்டேன். டாக் கேக்கறதுக்காக போனா நீங்க சொல்றது கரெக்ட், நான் போறது டாக்குக்காக இல்லயே. 2019ல பைகான் இந்தியா சென்னைல ட்ரேட் சென்டர்ல நடந்துச்சு, வீட்டுல இருந்து பஸ்ல போற தூரம், அங்க நான் முழுசா கேட்ட டாக் கம்மி, காபி மிஷின் பக்கத்துல நின்னு பேசினது தான் அதிகம். நாம தினம் யூஸ் பண்ற லைப்ரரிய எழுதினவங்க பக்கத்துல தட்டு வெச்சு சாப்டுட்டு இருப்பாங்க, ரொம்ப நாளா கிட்ஹப்ல ஓப்பனா கிடக்கற இஷ்யூவ நேர்ல கேட்டா "ஓ அதுவா, அது ஏன்னா"ன்னு லேப்டாப்ப தொறப்பாங்க. அது எந்த வீடியோலயும் வராது. கடைசில ஸ்ப்ரின்ட்டுன்னு எல்லாரும் சேந்து உக்காந்து கோட் எழுதறது வெச்சாங்கன்னா அதுக்கும் இருந்துட்டு வாங்க, மொத பேட்ச், அதாவது ஒரு கோட் திருத்தம், போடறதுக்கு அத விட நல்ல எடம் கெடைக்காது.

தனியா போனா யார்கூட போய் நிக்கறதுன்னு கூச்சமா இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். டாக்குமென்டேஷன் எழுதறவங்களுக்கான ரைட் த டாக்ஸ் ஆரம்பிச்சதுல ஒருத்தரான எரிக் ஹால்ஷர் பேக்மேன் ரூல்னு ஒண்ணு சொல்லிருக்காரு, வட்டமா நின்னு பேசும்போது இன்னும் ஒருத்தர் வந்து நிக்கற அளவுக்கு எப்பவும் எடம் விட்டு நிக்கணும், யாராவது வந்து சேந்துட்டா கொஞ்சம் நகந்து திரும்ப எடம் விடணும். நிறைய கான்ஃபரன்ஸ்ல தொடக்கத்துலயே மேடைல இத சொல்லுவாங்க. அப்படி எடம் விட்டு நிக்கற கும்பலா பாத்து போய் நில்லுங்க, உடனே பேசணும்னு கூட இல்ல.

பொண்ணுங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. பூத்துல போய் நின்னா "நீங்க எச்ஆரா மேடம்"னு கேப்பாங்க, என்னையும் கேட்டிருக்காங்க, கூட வந்த ஜூனியர் பையன பாத்து டெக்னிக்கல் பதில் சொல்லுவாங்க. கடுப்பாத்தான் இருக்கும். அதுக்காக போகாம இருக்காதீங்க, எல்லை மீறினா கோட் ஆஃப் கண்டக்ட் போன் நம்பர் பேட்ஜ் பின்னாடியோ வெப்சைட்லயோ இருக்கும், போறதுக்கு முன்னாடியே அது இருக்கான்னு பாத்துக்கோங்க, அது கூட இல்லாத எடத்துக்கு நான் போறதில்ல.

இங்கிலீஷ் பத்தி. தம்பி, மொத ரெண்டு நிமிஷத்த மட்டும் வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் பண்ணுங்க, அது தாண்டிட்டா வாய் தானா ஓடும், ஏன்னா பேசற விஷயம் உங்களுக்கு தண்ணி பட்ட பாடு. மிச்சத்த மனப்பாடம் பண்ணாதீங்க, நடுவுல ஒரு வரி மறந்தா மொத்தமும் சரிஞ்சிரும். சின்ன சின்ன வாக்கியமா பேசுங்க. கேள்வி கேட்டா அத மைக்ல திருப்பி சொல்லுங்க, கேட்டவர் கைல மைக் இல்லன்னா ரெக்கார்டிங்ல விழாது, அதோட உங்களுக்கு யோசிக்கவும் நேரம் கெடைக்கும். பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு "வெளிய வாங்க பேசலாம்"ங்கலாம், யாரும் தலைய வாங்க மாட்டாங்க. சில பேர் கேள்வின்னு எந்திரிச்சு அவங்க பெருமைய அஞ்சு நிமிஷம் பேசுவாங்க, சிரிச்சுகிட்டே நன்றி சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு போயிருங்க.

செலக்ட் ஆகலன்னாலும் டிக்கெட் எடுத்து போங்க, லைட்னிங் டாக்னு 5 நிமிஷ ஸ்லாட் இருக்கும், பெரும்பாலும் அங்கயே போய் பேர் குடுத்தா போதும்.

வடமராட்சி_லினக்ஸ்

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், கனகாலமா நெதர்லாந்தில இருக்கிறன். வெளிநாட்டு விசயம் நான் சொல்லுறன்.

போஸ்ட்கிரெஸ் ஆக்களுக்கு ப்ரஸ்ஸல்ஸில நடக்கிற ஃபொஸ்டெம் எண்ட ஓப்பன் சோர்ஸ் கான்ஃபரன்ஸ் நல்ல இடம். ஜனவரிக் கடைசி இல்லாட்டி பெப்ரவரித் தொடக்கத்தில ஒரு சனி ஞாயிறு, அங்கத்தைய யூனிவர்சிட்டி ஒண்டின்ர சொல்போஷ் கம்பஸில நடக்கும். டிக்கெட்டும் இல்ல, ரெஜிஸ்ட்ரேஷனும் இல்ல, கதவால நேர உள்ளுக்கு போகலாம். டெவ்ரூம் எண்டு ஒவ்வொரு விசயத்துக்கும் ஒவ்வொரு அறை, அதை நடத்திற ஆக்கள் தான் அதுக்கு சிஎஃப்பி விடுவினம், போஸ்ட்கிரெஸுக்கும் அப்பிடி இருந்திருக்கு, அதுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பிஜிடே எண்டு போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் தனிய ஒண்டும் வைக்கிறவை. ஒரு அறை நிரம்பிட்டுது எண்டா கதவில ஃபுல் எண்டு போட்டுடுவினம், பேந்து கெஞ்சினாலும் விடாயினம், நல்ல டாக் ஒண்டு கேக்க வேணுமெண்டா அதுக்கு முந்தின டாக்குக்கே போய் இருந்திட வேணும். கம்பஸுக்குள்ள குளிர் எண்டா சும்மா இல்ல, நல்ல சப்பாத்து வேணும். எல்லாம் லைவாவும் போகுது, வர ஏலாட்டி வீட்டில இருந்து பாக்கலாம்.

ஆனா பேசக் கூப்பிட்டிட்டினம் எண்டோன எல்லாச் செலவும் குடுப்பினம் எண்டு நினைச்சு டிக்கெட் போடாதேங்கோ. ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. பைகான் யூஎஸ்ஸில பேசுற ஆக்களும் ரெஜிஸ்ட்ரேஷன் காசு கட்டத்தான் வேணும், அது அவையின்ர கொள்கை, கஷ்டப்பட்ட ஆக்களுக்கு எண்டு ஃபைனான்ஷியல் எய்ட் தனிய இருக்கு, அதுக்கு வேற ஃபோர்ம் வேற கடைசித் தேதி, டாக் ப்ரபோசலோட சேத்தே அதையும் போட்டுடோணும். எய்ட் கிடைச்சாலும் கன இடங்களில முதல்ல உங்கட காசைப் போட்டு ரசீது குடுத்துப் போட்டுத்தான் திருப்பி எடுக்கலாம், கிரெடிட் கார்ட்டில அவ்வளவு இடம் இருக்கோ எண்டு பாருங்கோ. இந்தியாவில டெபியன் லினக்ஸ் ஆக்களின்ர டெப்கான்ஃப் 2023ல கொச்சியில நடந்தது, உங்கட ஊருக்கு பக்கம். டெபியன்காரர் ரெஜிஸ்ட்ரேஷன சும்மாவும் விடுவினம், சாப்பாடு தங்குமிடம் பயணத்துக்கு பேர்சரி எண்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

விசா தான் பெரிய தலையிடி. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு 6 மாசம் முதலே போடலாம், குறைஞ்சது 15 நாளைக்கு முதலாவது போட்டாகோணும், ஆனா அப்பொயின்ட்மென்ட் கிடைக்கிறதே கஷ்டம், அந்த 15 நாளை நம்பி இருக்காதேங்கோ. 2024 ஜூனில இருந்து கட்டணம் 90 யூரோ, விசா தராட்டி அந்தக் காசு திரும்பி வராது. 30,000 யூரோவுக்கு குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸும் காட்டோணும். டாக் செலக்ட் ஆன உடனேயே அழைப்புக் கடிதம் கேளுங்கோ, பாஸ்போர்ட்டில இருக்கிற பேர் எழுத்துக்கு எழுத்து அதில வரோணும், எங்கட ஆக்களுக்கு தகப்பன் பேர் முன்னுக்கு வருமோ பின்னுக்கு வருமோ எண்டு இதில தான் கூடுதலா இழுபறி.

கோவை_பேக்எண்ட்

ஐயோ இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கலங்க, எல்லாருக்கும் நன்றி. வெளிநாடு இப்போதைக்கு வேணாங்க, காஞ்சிலக்ல இந்த ஞாயிறு போய் உக்காந்து பாக்கறேன்.

ரிவ்யூவர் அண்ணா, நீங்க ஊகிச்சது பாதிதான் சரிங்க. இன்டெக்ஸும் போட்டோம், ஆனா சைட்டு நின்னது அதனால இல்ல. டேபிள்ல ஒரு காலம் (column) சேத்தோம், அவ்வளவுதான், மில்லிசெகண்ட்ல முடியற வேலை. அந்த நேரம் பாத்து எவனோ ஒரு ரிப்போர்ட் குவெரிய ஓட்டிட்டு இருந்தான். காலம் சேக்கற ஆல்டர் டேபிள் கமாண்டு அது முடியட்டும்னு நின்னுச்சு, அது நின்னதுக்கு பின்னாடி வந்த சாதாரண செலக்ட் எல்லாம் அதுக்கு பின்னாடி நின்னுச்சு, கனெக்‌ஷன் பூல் காலியாகி எல்லாம் ஐநூத்தி மூணு எரர். ரேஷன் கடைல முன்னாடி நிக்கற ஒருத்தர் ஒரு குடோனுக்கே அரிசி கேட்டா பின்னாடி சக்கர மட்டும் வாங்க வந்தவனும் நிக்கணுமே, அந்தக் கதைதாங்க. இதுவே டாக்குக்கு போதுமா, இல்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமா?

ஒரு அவுட்லைன் போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க. பிரச்சன என்னன்னு 3 நிமிஷம், ரெண்டு விண்டோல க்யூ எப்படி நிக்குதுன்னு லைவ் டெமோ 7 நிமிஷம், லாக் (பூட்டு) கெடைக்கலன்னா இவ்வளவு நேரத்துல விட்ரணும்னு லாக் டைம்அவுட் வெச்சு திரும்பத் திரும்ப ட்ரை பண்றது 5 நிமிஷம், இன்டெக்ஸ் கன்கரன்ட்லி 5 நிமிஷம், கேள்வி 5. தலைப்பு "ஜாங்கோ மைக்ரேஷன் பெஸ்ட் ப்ராக்டிசஸ்".

ராத்திரி_ரிவ்யூவர்

அட இத மொதல்லயே சொல்லிருந்தா நான் அவ்வளவு நீளத்துக்கு இன்டெக்ஸ் பாடம் எடுத்திருக்க மாட்டேனே. இது நல்ல டாக்குப்பா. எல்லாருக்கும் தெரியும்னு நீ நெனைக்கற, ஆனா ஓடறதுக்கு மில்லிசெகண்ட் ஆகற கமாண்டு எப்படி சைட்ட படுக்க வைக்கும்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க.

தலைப்ப மாத்து, பெஸ்ட் ப்ராக்டிசஸ்ங்கறது இன்ட்ரடக்‌ஷனோட தம்பி. "ஒரு காலம் சேத்தோம், சைட்டு படுத்துச்சு"ங்கறத அப்படியே இங்கிலீஷ்ல போடு. இன்டெக்ஸ் பகுதிய வெட்டிரு, அது வேற கதை, கேள்வி நேரத்துல யாராவது கேப்பான் அப்ப சொல்லு. வர்ற 5 நிமிஷத்த டெமோவுக்கும் லாக் டைம்அவுட்டுக்கும் குடு, எத்தன செகண்ட் வெக்கறது, ஃபெயில் ஆனா யார் திரும்ப ஓட்டறது, டிப்ளாய் ஸ்க்ரிப்ட்டா ஆளா, அதத்தான் எல்லாரும் எழுதிட்டு போவாங்க.

லைவ் டெமோ இருக்கட்டும், ஆனா முழுசும் லேப்டாப்லயே ஓடணும், ஹால் வைஃபைய நம்பி டேட்டாபேஸ கிளவுட்ல வெக்காத. அதே டெமோவ முந்தின நாள் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோ, ஃபான்ட் சைஸ் கடைசி வரிசைக்கு தெரியணும், டெர்மினல் பேக்ரவுண்ட வெள்ளையா வெய்யி, கறுப்பு சில ப்ரொஜெக்டர்ல ஒண்ணும் தெரியாது.

அப்புறம் ஒரு கேள்வி கண்டிப்பா வரும், இப்பவே தயார் பண்ணிக்கோ. போஸ்ட்கிரெஸ் 11ல இருந்து டீஃபால்ட் வேல்யூ கான்ஸ்டன்ட்டா இருந்தா காலம் சேக்கும்போது டேபிள திருப்பி எழுதறதே இல்லயே, அப்புறம் எப்படி நின்னுச்சுன்னு ஒருத்தன் எந்திரிப்பான். திருப்பி எழுதாது, வேலை கண்ணிமைக்கற நேரத்துல முடியும், ஆனா அந்த நேரத்துக்கும் டேபிள வேற யாரும் தொடாதபடி பூட்டற ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் வேணும், அது கெடைக்கற வரைக்கும் பின்னாடி எவனையும் விடாது. இத ஒரு ஸ்லைட்டா போட்டு அவுட்லைன்லயும் ஒரு வரி எழுதிட்டு சப்மிட் பண்ணு.